இஞ்சினை யார் கையில் கொடுப்பது?

வள்ளம் வாங்கப் பணம் புரட்டுவது எப்படி என்று சொல்லித்தர எங்கள் கரையில் நூறு பேர் உண்டு. வாங்கிய பிறகு அதன் இஞ்சினை யார் கையில் கொடுப்பது என்று கேட்டுப்பாருங்கள். ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்லும்போதே குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்" என்பார்கள். சின்ன ஊர். ஒரு மெக்கானிக் ஒருவருக்குச் சித்தப்பா, இன்னொருவருக்குச் சம்பந்தி. அதனால் இந்த விஷயம் வாய்ப்பேச்சாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. வள்ளம் வாங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தெரிந்ததை எழுதி வைக்கிறேன். புதிதாக வள்ளம் வாங்குகிறவர்களுக்கு, அதிலும் என்னைப்போல் கரையிலிருந்து கணக்குப் பார்க்கும் பெண்களுக்கு, உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊர் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கிறது. அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போனவர். தம்பி பஹ்ரைனில் மீன்பிடி படகில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பினான். நான் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். மூன்று பேர் சேமிப்பும், மகளிர் குழுக் கடனும் சேர்த்து ஒரு பழைய பைபர் வள்ளம் வாங்கினோம். கூடவே மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 எச்.பி. அவுட்போர்டு இஞ்சின் ஒன்று. பதிவு என் பெயரில். மீன்துறை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அப்பா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

இஞ்சின் இந்தக் கரைக்கு வந்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. 1952இல் கையெழுத்தான இந்திய நார்வே திட்டம் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இயந்திரப் படகுகளைக் கொண்டுவந்தது. எங்கள் பக்கம் அதற்குப் பிறகும் வெகுகாலம் கட்டுமரமும் பாய் வள்ளமும்தான். பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளம் கட்டும் முயற்சியில் பல வருஷம் உழைத்தார். 1980களை ஒட்டி அவுட்போர்டு இஞ்சின்கள் பரவின. பிறகு பைபர் வந்தது. அப்பா தலைமுறைக்குப் பாய் ஏற்றத் தெரியும். காற்று கச்சானா வாடையா என்று பார்த்து, பாயைத் திருப்பி, எப்படியாவது கரை சேர்ந்துவிடுவார்கள். இன்றைய வள்ளத்தில் பாயும் கிடையாது, பாய்மரம் நிறுத்த இடமும் கிடையாது. வீடு திரும்பும் வழி என்பது அமரத்தில் தொங்கும் அந்த ஒரு இஞ்சின்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்துபோன பிறகு, "இஞ்சின் நின்னுபோச்சு" என்று போனில் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் கை கால் ஓடாது.

ஆழக்கடலில் நிற்பதைவிடப் பயங்கரமானது அலை உடையும் இடத்தில் நிற்பது. ஆனி, ஆடியில் இங்கே நல்ல மீன்பாடு உண்டு. அதே மாதங்களில்தான் கரையோர அலை ஆளை விழுங்கும். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து எத்தனையோ உயிர் போயிருக்கிறது. இரண்டு அலைக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் திராட்டிலைத் திருகிக் கடந்துவிட வேண்டும். அந்த நேரம் இஞ்சின் ஒரு தடவை இருமினால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் இத்தனை நீளமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான். பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். இங்கே ஓரம் கிடையாது.

எங்கள் இஞ்சினுக்கு வந்த முதல் கோளாறு இப்படி. பெட்ரோலில் கிளம்பும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் சுத்தமாக ஓடும். ஒரு மணி நேரம் போல ஓடிய பிறகு வேகம் குறையும். திராட்டில் கொடுத்தால் இன்னும் இழுக்கும். கடைசியில் நின்றுவிடும். கொஞ்சநேரம் சும்மா விட்டு, கயிற்றை இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

வள்ளத்தை விற்றவருக்கு வழக்கமாக வேலை பார்த்த மெக்கானிக்கையே கூப்பிட்டோம். வந்தார். என்ன ஏது என்று கேட்கும் முன்பே கார்புரேட்டர் அவர் கையில் இருந்தது. கழுவிப் பூட்டினார், பிளக் மாற்றினார். சரியாகவில்லை. காயில் மாற்றினார். அதுவும் ஆகவில்லை. "உள்ள திறந்து பாக்கணும்" என்று இஞ்சினைத் தன் ஷெட்டுக்கு எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது தலை முதல் கால் வரை புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டினார், அழகாக ஓடியது. கடலில் பழைய கதைதான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம், அவர் எங்களிடம் பணமே கேட்கவில்லை. "மீன் படட்டும் மக்ளே, பைய தந்தா போதும்" என்பார். தம்பிக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. நல்ல மனுஷன், நெருக்கமாட்டார், நம்பலாம் என்றான். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். நான் மட்டும் நோட்டில் பாக்கியை எழுதிக்கொண்டு வந்தேன். பாக்கி ஏறிக்கொண்டே போனது, இஞ்சின் நின்றுகொண்டே இருந்தது.

எங்கள் கரையில் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிய வள்ளம், பிடித்த மீனை அவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். வேறு இடத்தில் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. இது எல்லாருக்கும் தெரியும், சலித்துக்கொள்வார்கள். மெக்கானிக்கிடம் நிற்கும் பாக்கியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதைச் சொல்ல மட்டும் கரையில் ஆளில்லை. பாக்கி வைத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அது துரோகம். முதல் ஆளுக்கு அவமானம், வருகிற ஆளுக்கும் சங்கடம். அவர் வரவே மாட்டார். ஆக, கோளாறு கண்டுபிடிக்கப்படாமலே அடுத்தடுத்து பாகம் மாறும், அடுத்தடுத்து பாக்கி ஏறும். கடன் தருகிற மனசை நான் குறைத்துச் சொல்லவில்லை. மீன் படாத மாதங்களில் அந்தக் கடன் இல்லாவிட்டால் பாதி வள்ளம் கரையில் கிடக்கும். ஆனால் ஒருவர் கடன் தருகிறார் என்பது அவருக்கு நம் நிலைமை தெரியும் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவருக்கு இஞ்சின் தெரியும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வார் என்பதற்கும் அது உத்தரவாதம் ஆகாது. கடன் தருவதும் வேலை தெரிவதும் எங்கள் ஊரில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. நான் எழுத நினைத்தது முக்கியமாக இதைத்தான்.

என் சீட்டைத் தள்ளுபடியில் எடுத்து அவர் பாக்கியை முழுசாகக் கொடுத்து முடித்தேன். சண்டை இல்லை, ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லை. இன்றைக்கும் கோவிலில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம்.

அடுத்து வந்த மெக்கானிக் பக்கத்து ஊர்க்காரர், அப்பாவைவிடச் சில வயது இளையவர். இப்போது அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். "கறாரு. கைக்காசு இல்லாம ஸ்பேனர் எடுக்கமாட்டாரு" என்று பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். வந்தவர் இஞ்சினைத் தொடவே இல்லை. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். நிற்பதற்கு முன்னால் சத்தம் மாறுமா? பெட்ரோலில் மட்டும் ஓட்டிப் பார்த்ததுண்டா? வலை ஏற்றிய பாரத்தில் நிற்கிறதா, வெறும் வள்ளத்திலும் நிற்கிறதா? இஞ்சின் துப்பும் தண்ணீர் கடைசிவரை ஒரே மாதிரி வருகிறதா? மண்ணெண்ணெய் எந்த டிரம்மிலிருந்து ஊற்றுகிறீர்கள்? டேங்க் யார் கொடுத்தது? இதற்குமுன் யார், என்னென்ன மாற்றினார்கள்? என் நோட்டை நீட்டினேன். மாற்றிய பாகம் எல்லாம் தேதியோடு இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதெல்லாம் மாத்தியாச்சுன்னா இனி அது பக்கமே போகாண்டாம்" என்றார்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை வேகம் குறைய ஆரம்பித்ததும் எதையும் நோண்டாதே. முதலில் தண்ணீர் துப்புகிறதா என்று பார். பிறகு ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்தைத் தொட்டுப் பார். கெட்டியாக இருக்கிறதா, சப்பையாக உள்வாங்கிக் கிடக்கிறதா? அதை இரண்டு தடவை அமுக்கு, வேகம் திரும்புகிறதா? இதை மட்டும் வந்து சொல்.

மறுநாளே தம்பி கடலிலிருந்து போன் செய்தான். தண்ணீர் நன்றாக வருகிறது. பந்து உள்ளே ஒட்டிப்போய்க் கிடக்கிறது. அவர் பதில், "அப்பம் இஞ்சின்ல ஒண்ணுமில்ல மக்ளே. டேங்க எடுத்துட்டு வா."

பந்து உள்வாங்கினால், இஞ்சின் எண்ணெயை உறிஞ்சுகிறது, டேங்கிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு அடைத்திருக்கலாம், அல்லது அடியில் உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கலாம். எங்களுடையது இரண்டாவது. பழைய டேங்கில் எப்போதோ ஓட்டை விழுந்து, யாரோ உள்ளுக்குள் ஏதோ பசை பூசி அடைத்திருக்கிறார்கள். எண்ணெயில் ஊறி அது தோல் தோலாக உரிந்து மிதந்தது. உறிஞ்சும் வேகத்தில் ஒரு துண்டு வந்து குழாய் முனையின் வலையில் ஒட்டிக்கொள்ளும். இஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்று அது உதிர்ந்துவிடும். அதனால்தான் கொஞ்சநேரம் விட்டால் கிளம்பியது. அதனால்தான் டிரம்மில் வைத்து வேறு டேங்கில் ஓட்டியபோது அழகாக ஓடியது. புது டேங்க் வாங்கினோம், கோளாறு போய்விட்டது. காயிலுக்கும் பிளக்குக்கும் கொடுத்த பணத்தோடு பார்த்தால் டேங்கின் விலை ரொம்பச் சின்னது.

அவர் அங்கேயே சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் செய்தது. இந்த இஞ்சின் டூ ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் தனியாக இல்லை, எரிபொருளோடு கலந்துதான் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. வேகம் குறையும் நேரத்தில் திராட்டிலை முறுக்கி முறுக்கி ஓட்டியிருந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஆயில் கலக்கும் அளவில் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கும் நடப்பது இதுதான். பெட்ரோலுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், மண்ணெண்ணெய்க்கு அதைவிடக் கூடுதல் ஆயில் வேண்டும். இஞ்சினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும், பக்கத்து வள்ளத்துக்காரரைப் பார்த்து அல்ல.

கூப்பிட்ட வேலை முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. இஞ்சினின் காலைக் கைவிரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். துத்தநாகக் கட்டி ஒன்று திருகியிருக்கும். உப்புத் தண்ணீர் இஞ்சினின் அலுமினியத்தைத் தின்னாமல், முதலில் இந்தக் கட்டியைத் தின்னட்டும் என்று வைப்பது. அதைப் பெயிண்ட் மூடிவிட்டால் கட்டி இருந்தும் பயனில்லை. எங்கள் இஞ்சினில் அதற்கும் சேர்த்து அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தது. அண்ணன் எதுவும் சொல்லாமல் பிளேடு கேட்டு வாங்கிச் சுரண்டி எடுத்தார். பிறகு கியர் பெட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். வழிந்த ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது: ஷாப்டைச் சுற்றித் தங்கூசி இறுகிப்போய், உள்ளே இருந்த சீலை அறுத்திருந்தது. வலைத்துண்டு மிதக்கும் கடலில் எல்லா வள்ளத்துக்கும் வருவது இது. புரொப்பல்லரை மாதம் ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்திருந்தால் சீலோடு தப்பிக்கலாம். விட்டுவிட்டால் கியர் செட்டே போகும்.

அறுந்த சீலை என் உள்ளங்கையில் வைத்து, எந்த உதடு வெளித் தண்ணீரைத் தடுக்கிறது, எது உள் ஆயிலைப் பிடிக்கிறது என்று எனக்குக் காட்டினார். தம்பிக்கு அல்ல, எனக்கு. அதுவரை வந்த எல்லாரும், கேள்வியை நான் கேட்டாலும் பதிலைத் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். "கணக்கு எழுதுறது நீதானே, உனக்குல்லா தெரியணும்" என்றார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே கையில் தருகிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். கேட்டும் தராதவரிடம், "குப்பையில போட்டாச்சு" என்கிறவரிடம், மறுபடி போகாதீர்கள்.

ஆனால் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது இஞ்சின் விஷயத்தில் இல்லை. ஆனி பிறக்க இருந்த நேரம். வள்ளம் எல்லாம் கடலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இஞ்சினை மாட்டப் போனவர், மாட்டுமுன் அமரத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தார். இஞ்சின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தப் பலகை. இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவில் ஒட்டுப்பலகை வைத்துச் செய்தது. நல்ல இடத்தில் தட்டினால் கணீரென்று கேட்கும், ஊறிப்போன இடத்தில் சத்தம் செத்துப்போகும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் மக்கியிருந்தது. மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்ததால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இஞ்சினை மாட்டி, அதன் தலையைப் பிடித்து அமுக்கச் சொன்னார். பலகை லேசாக வளைந்து கொடுத்தது.

"கடலுக்குப் போகாண்டாம்" என்றார்.

தம்பிக்குக் கோபம். இந்த மீன்பாட்டை விட்டால் கடனை எப்படி அடைப்பது? எங்களை நம்பிப் பங்குக்கு வருகிற மற்ற வீடுகள் என்ன செய்யும்? இந்தத் தடவை இரும்புப் பட்டை ஒன்று போட்டுச் சமாளித்தால் என்ன? அவர் அசையவில்லை. இரும்புப் பட்டை போட்டால் அது மக்கிய மரத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், அலையில் இஞ்சின் பலகையோடு பிய்ந்து போகும், பிறகு அமரத்தில் ஒரு வாசல்தான் இருக்கும் என்றார். அந்தச் சொல் அப்பாவுக்குப் போதுமாக இருந்தது. வள்ளம் மேடேறியது. இஞ்சின் மாட்டிய கூலிகூட அவர் அன்றைக்கு வாங்கவில்லை. வேலை முடியவில்லையே என்றார். போகச் சொல்லியிருந்தால் அவருக்கு அன்றே காசு, மீன்பாடு முழுக்க எங்களோடு வேலை. வேண்டாம் என்றதில் அவருக்கு எந்த வரவும் இல்லை. மெக்கானிக்கின் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய உதவி அந்த ஒரு சொல்தான்.

பைபர் வேலை வேறு தொழில், வேறு ஆள். அண்ணன்தான் ஆள் காட்டினார். அப்போது இன்னொரு சிக்கல். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் 45 நாளாக இருந்ததை 2017இல் 61 நாள் ஆக்கினார்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். லேத் பட்டறை, பைபர்காரர், வெல்டர் எல்லாரையும் பெரிய படகுக்காரர்கள் மொத்தமாகப் பிடித்துவைத்திருப்பார்கள். எங்களைப் போன்ற சின்ன வள்ளங்களுக்கு மீன்பாட்டு நேரமும் அதேதான். அதனால் பெரிய பழுது எதுவானாலும் பங்குனி, சித்திரைக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும். நாங்கள் வரிசையில் காத்திருந்தோம். அந்த மாதங்கள் வீட்டில் கஷ்டமாகத்தான் போயின, என் சம்பளத்தில் ஓட்டினோம்.

பைபர்காரர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் காயவிட்டது. மக்கிய பலகையைத் தோண்டி எடுத்து, சுற்றிலும் கிரைண்டர் போட்டுப் பழைய பைபரைச் சொரசொரப்பாக்கி, தார்ப்பாய் கட்டி மழைபடாமல் வைத்தார். ஈரத்தில் ரெசின் பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும், அடுத்த வருஷம் தகடாகப் பெயர்ந்து வரும். பிறகுதான் புதுப் பலகை, அதன்மேல் அடுக்கடுக்காகப் பைபர் மேட், ரெசின். ஹார்டனர் அதிகம் ஊற்றினால் சீக்கிரம் இறுகும், ஆனால் சூடேறி வெடிப்பு விடும். உதவிக்கு வந்த பையனிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதே. முதலில் ஒன்றை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்தது. நேராகக் கலந்தால் பற்றிக்கொள்ளும். பையன் அளவுக் கோப்பைகளைத் தனித்தனி மூலையில் வைத்திருந்தான். அதைப் பார்த்தபோதே இந்த ஆளிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, ரெசினால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி துளை போட்டார். இனித் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

பாகம் வாங்குவது பற்றி. பாகத்தை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. பாகத்தின் நம்பரைக் குறித்துக் கொடுக்கச் சொல்லி, கடையில் பில்லோடு வாங்கி வந்து, மெக்கானிக் கையில் கொடுக்கிறேன். எங்கள் அண்ணனுக்கு இதில் வருத்தம் இல்லை, அவரே அப்படித்தான் செய்யச் சொன்னார். டூப்ளிகேட் அதிகம் புழங்குகிறது. குறிப்பாகத் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர். கரையில் இழுத்து ஏற்றும் வள்ளங்களுக்கு இதுதான் முதல் எதிரி. ஆழமில்லாத இடத்தில் இஞ்சின் மணலையும் சேர்த்து உறிஞ்சும், மணல் இம்பெல்லரின் இதழைத் தேய்க்கும், இதழ் தேய்ந்தால் தண்ணீர் ஏறாது, இஞ்சின் சூடேறும். துப்பும் தண்ணீர் மெலிந்தால் அன்றே பார்க்க வேண்டும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் இஞ்சினின் காலை இறக்கிக் கொஞ்சநேரம் ஓட்டினால் உள்ளே உப்பு கட்டாது. குடிக்கவே தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஊரில் இஞ்சினுக்கு நல்ல தண்ணீரா என்று அப்பா முதலில் முணுமுணுத்தார். இப்போது டிரம்மை நிரப்பி வைப்பது அவர்தான்.

ஒரு தகவலைத் தனியாகச் சொல்ல வேண்டும், இது எங்கள் வள்ளத்தில் நடந்ததல்ல. ஆடியில் பக்கத்து வீட்டார் வள்ளம் கரையேறும்போது அலையில் புரண்டது. ஆட்கள் தப்பினார்கள், இஞ்சின் உப்புத் தண்ணீரில் முழுகிவிட்டது. எடுத்துவந்து வெயிலில் காயவைத்திருந்தார்கள். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "காய வைக்காண்டாம்! நல்ல தண்ணித் தொட்டியில முழுசா முக்கிப் போடச் சொல்லு. நான் வாறேன்" என்றார். கேட்கவே விநோதமாக இருந்தது. காரணத்தைப் பிறகு சொன்னார். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு காற்றுப் பட்டதும்தான் வேகமாகத் துருப்பிடிக்கும். உடனே கழற்றிச் சுத்தம் பண்ண முடியாவிட்டால், நல்ல தண்ணீருக்குள் மூழ்கியே கிடப்பது மேல். அவர் வந்து பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, உள்ளே ஆயில் விட்டுக் கையால் சுற்றி, அன்று மாலைக்குள் ஓடவைத்துவிட்டார். அவர்கள் அவருடைய வாடிக்கை அல்ல. கூலி கேட்டார், கொடுத்தார்கள்.

கைக்காசு விஷயத்தையும் அவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன். கடன் கொடுத்தால் வேலை இன்னும் அதிகம் வருமே அண்ணா? "கடன் குடுத்தா, அந்தக் கடனத் திருப்பி வாங்குறதுக்கு உன் இஞ்சின் ஓடியே ஆகணும். ஓடக்கூடாத இஞ்சினையும் ஓடும்னு சொல்லத் தோணும் மக்ளே" என்றார். பாகத்துக்கான காசைத் தவணையில் கொடுக்கச் சில கடைகள் உண்டு, அங்கே அவரே பேசிவிடுகிறார். அவர் கூலி மட்டும் கையோடு. வள்ளத்துப் பங்கிலிருந்து வாரா வாரம் ஒரு தொகையை இதற்கென்று எடுத்துத் தனி உறையில் போடுகிறேன். சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது முதலில் எடுப்பது அதைத்தான். ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. தம்பி திருப்பலி முடிந்து வந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான். பிளக் முனை காப்பிநிறமாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் அதிகம். அதில் நீர்த்துளி இருந்தால் அன்றே போன். ஸ்பேனர், இரண்டு புதுப் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, ஹோஸ் கிளிப், பிளேடு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எப்போதும் வள்ளத்திலேயே இருக்கிறது. வேலை நடக்கும்போது தம்பி பக்கத்தில் நின்றால்தான் செய்வேன் என்பது அண்ணனின் நிபந்தனை. ஆழக்கடலில் அவர் இல்லை, இவன்தானே இருக்கிறான்.

இப்போது மாற்று இஞ்சின் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கம் வசதி உள்ளவர்கள் இரண்டு இஞ்சினோடுதான் போகிறார்கள். எங்களுக்கும் இந்த வருஷம் முடிந்துவிட வேண்டும் என்று ஆசை. குளச்சலில் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. பிளக் துளையில் மீட்டர் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்கட்டுமா என்று கேட்டோம். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே தேய்மானம் என்று பொருள். விற்பவர் திறக்க விடமாட்டேன் என்றார், வேண்டாமென்று வந்துவிட்டோம். விழிஞ்ஞத்தில் இன்னொன்று இருக்கிறதாம், பில்லும் நம்பர் தகடும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் பிறகு விற்கவும் அந்த இரண்டும் பொருந்தியிருக்க வேண்டும். பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, கீறலும் உப்புமாக அப்படியே கிடக்கிறது என்றார்கள். வருகிற சனிக்கிழமை அண்ணனையும் மீட்டரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.